புஸ்வாணமா, அணுகுண்டா?

போன தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. சிவகாசியில் பட்டாசு வாங்கிக்கொண்டு விருதுநகர் திரும்பிக்கொண்டிருந்தோம். டிக்கி நிறைய சரவெடி. பின் சீட்டு நிறைய மச்சான். ஆமத்தூர் பக்கம் வரும்போது பானெட்டிலிருந்து லேசாகப் புகை. அந்த வயிற்றை வைத்துக்கொண்டு மச்சான் அவ்வளவு வேகமாக ஓடுவார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது!

புகை அடங்கியபின் பார்த்தால், சீல் வழியாகக் கசிந்த ஆயில், சூடான சைலன்ஸர் குழாயில் சொட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில் பார்த்த மெக்கானிக், "ரிங்கு போச்சு சார், என்ஜினை இறக்கணும்" என்றார். அவர் சொன்ன தொகைக்கு, என்ஜினோடு மனைவியின் வளையலையும் இறக்க வேண்டும் போலிருந்தது.

இரண்டாவது கடைப் பெரியவர் அவசரப்படவில்லை. "இருங்க அண்ணாச்சி. இது ஒழுங்கா மூச்சு விடுதான்னு மொதல்ல பார்ப்போம்" என்று கட்டைவிரல் சைஸில் ஒரு சமாச்சாரத்தைக் கழற்றினார். பி.சி.வி. வால்வு!

பிஸ்டனைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே கிராங்க்கேஸுக்குள் இறங்கத்தான் செய்யும். ஒரு காலத்தில் அதைக் குழாய் வைத்து ரோட்டில் விட்டார்கள். ஊர் நாறியது. 'வெளியே விடாதே, திரும்ப உறிஞ்சி எரி' என்று 1961-ல் கலிஃபோர்னியாவில் உத்தரவு போட்டார்கள். அந்த வேலையைத்தான் இந்த வால்வு செய்கிறது.

நம்ம ஊர்க்காரருக்குச் சொல்லவா வேண்டும்? மருந்துக்கு வாய் திறந்திருந்தால் புஸ்வாணம். இறுக்கிக் கட்டினால் அணுகுண்டு. வால்வு அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த சீல் சோப்ளாங்கியோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். திறந்தபடியே சிக்கிக்கொண்டாலும் வம்புதான். ஐடிலிங்கில் வண்டி நடுங்கும். ஆயிலையும் உறிஞ்சி நீலப் புகை விடும்.

வேறு அறிகுறிகள்? உஸ்ஸென்று விசில். டிப் ஸ்டிக்கில் ஆயில் குறைவது. ஏர் ஃபில்டரில் எண்ணெய்ப் பிசுக்கு. விருதுநகரில் எண்ணெய் பரோட்டாவில் இருக்கலாம் சார், ஃபில்டரில் இருக்கக் கூடாது!

என்ஜின் ஆறியதும் வால்வைக் கழற்றிக் காதருகே குலுக்குங்கள். 'கடகட' என்றால் பெரும்பாலும் உயிர் இருக்கிறது. ஊமையாக இருந்தால் மாற்றிவிடுங்கள். (புது வண்டிகள் சிலவற்றில் இது என்ஜின் மூடியோடு ஒட்டியே வரும். அங்கே குலுக்கல் செல்லாது!)

நீலப் புகைக்கு நிஜமாகவே ரிங்கும் காரணமாக இருக்கலாம். ஆனால் சின்னச் செலவைப் பார்த்துவிட்டுப் பெரிய செலவுக்குப் போ என்பதுதான் பி.காமில் நான் உருப்படியாகப் படித்த ஒரே பாடம்.

பெரியவர் வால்வையும் ஒரு சீலையும் மாற்றினார். ஒழுகல் நின்றது. ரிங்கும் பத்திரம், வளையலும் பத்திரம்.

மச்சான்தான் இன்னும் பஸ்ஸில் வருகிறார்.