துண்டுக்குள் பேசிய ஓட்டு

போன வாரம் டீக்கடையில் இலங்கைப் பேச்சு வந்தது. "ஜெனீவாவில் இந்தியா ஓட்டுப் போடாமல் ஒதுங்கிக்கொண்டது புத்திசாலித்தனம் சார். நடுநிலை நல்லதுதானே?" என்றார் ஒரு நண்பர். அங்கே வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். இங்கே முடியவில்லை.

பொய்கை செவ்வாய்ச் சந்தையில் மாடு விற்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது சுலபமாகப் புரியும். துண்டுக்கு அடியில் கையைப் பிடித்து விரல்களால் விலை பேசுவார்கள். வெளியே நிற்பவனுக்குக் கடைசியில் மாடு கைமாறுவதுதான் தெரியும். ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் 47 ஓட்டுகளும் அப்படித்தான். விழுவது ஜெனீவாவில். பேரம் அதற்கு முன்பே தலைநகரங்களில் முடிந்துவிடும்.

போர் முடிந்து பத்து நாள்கூட ஆகாத 2009 மே 27-ஆம் தேதி, இலங்கை தன்னைத்தானே பாராட்டிக்கொள்ளும் தீர்மானத்தை 29-க்கு 12 என்று ஜெயிக்க வைத்தது. அந்த 29-இல் இந்தியாவும் ஒன்று.

2012-இல் இந்தியா இலங்கைக்கு எதிராக ஓட்டுப் போட்டது. மனம் மாறிவிட்டதா? அன்று டெல்லி ஆட்சிக்கு தி.மு.க.வின் 18 எம்.பி.க்கள் தேவைப்பட்டார்கள், அவ்வளவுதான். அப்போதும் ஐ.நா. தரும் ஆலோசனை, உதவி எல்லாம் இலங்கை அரசின் சம்மதத்தோடுதான் என்று வாசகத்தைத் திருத்த வைத்தது இந்தியா. 2013-இல் லயோலா மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், தி.மு.க. கூட்டணியை விட்டு வெளியேறியது. இரண்டு நாளில் மறுபடி ஆதரவு ஓட்டு. 2014-இல், சர்வதேச விசாரணை என்று வந்ததும், ஒதுங்கல்.

2021 மார்ச் 23-ஐத்தான் என்னால் மறக்க முடியவில்லை. நம் சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டே வாரம். தமிழர்களின் சமத்துவம், நீதி, கண்ணியம் என்று பேசிவிட்டு இந்தியா ஒதுங்கியது. ஆதரவு 22, எதிர்ப்பு 11, ஒதுங்கியவர்கள் 14. உடனே இலங்கை அரசு என்ன கணக்குச் சொன்னது தெரியுமா? பதினொன்றும் பதினாலும் இருபத்தைந்து, ஆக 25 நாடுகள் தீர்மானத்தை ஆதரிக்கவில்லை என்றது. நம் நடுநிலையை அவர்கள் தங்கள் வரவில் எழுதிக்கொண்டார்கள். தோல் மண்டியில் கணக்கு எழுதியவன் நான். ஒருவன் வரவில் ஏறியது இன்னொருவனுக்கு நடுநிலை ஆகாது.

ஆம்பூர், வாணியம்பாடி நண்பர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கொரோனாவில் இறந்த முஸ்லிம்களை இலங்கை அரசு வலுக்கட்டாயமாக எரித்தது. பிறந்து இருபது நாளான குழந்தையைக்கூட விடவில்லை. 2021 பிப்ரவரியில் இம்ரான்கான் கொழும்பு போய்வந்த கையோடு அடக்கம் செய்ய அனுமதி வந்தது. "பாகிஸ்தான் பேசி வாங்கிக் கொடுத்தது" என்று சந்தோஷப்பட்டவர்களை நான் அறிவேன். முஸ்லிம்களுக்கு நேர்ந்ததையும் குறிப்பிட்ட அந்தத் தீர்மானத்தை அடுத்த மாதமே பாகிஸ்தானும் வங்கதேசமும் எதிர்த்தன. இந்தோனேசியா ஒதுங்கியது. அடக்கம் செய்யும் உரிமை யாரும் பேரம் பேசிக் கொடுக்கவேண்டிய பொருளா?

"சீனா உள்ளே வந்துவிடும், அதனால்தான்" என்பார்கள். அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-லேயே 99 வருடக் குத்தகைக்கு சீன நிறுவனத்திடம் போய்விட்டது. ஒதுங்கி ஒதுங்கி எதைத் தடுத்தோம்? 2022 அக்டோபரிலும் ஒதுங்கினோம்.

பொய்கைப் பக்கத்து மேல்மொணவூர் முகாமில் ஈழத்தமிழர்கள் இருக்கிறார்கள். 2021-இல் முதல்வர் வந்து புது வீடுகளுக்கு அடிக்கல் நாட்டினார், நல்ல காரியம். ஆனால் அவர்களுக்கு இங்கே ஓட்டுரிமை இல்லை. நமக்கு இருக்கிறது. அடுத்த முறை ஜெனீவாவில் தீர்மானம் வரும்போது, ஓட்டெடுப்புக்கு முன்பே இந்தியா எந்தப் பக்கம், ஏன் என்று நாடாளுமன்றத்தில் சொல்லவைக்க உங்கள் எம்.பி.யிடம் கேளுங்கள். "அதெல்லாம் வெளியுறவு விவகாரம் ஐயா" என்று சிரிப்பார். விடாதீர்கள்.