பழைய கணினியும் புதிய நிர்ப்பந்தமும்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு வழக்கமாக அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அன்று வரை பழுதின்றி ஓடிய கணினிகள் மறுநாளும் பழுதின்றியே ஓடின. ஆயினும், எத்தனையோ நடுத்தரக் குடும்பங்கள் பிள்ளைகளின் படிப்பை உத்தேசித்துச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கி, விசைப்பலகையின் எழுத்துகள் தேயும் வரை உபயோகித்து, இன்னும் சில ஆண்டுகள் உழைக்கச் சித்தமாயிருப்பதைக் கண்ணெதிரே கண்டுகொண்டிருக்கும் யந்திரங்கள், தம்மிடம் யாதொரு குறையும் இல்லாமலே காலாவதியானவை என்ற பட்டியலில் சேர்ந்துவிட்டன.

அடுத்த பதிப்பான விண்டோஸ் 11-க்கு மாறிக்கொள்ளலாமே என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், பெரும்பாலும் 2017-க்குப் பின் வந்த இன்டெல் எட்டாம் தலைமுறைச் செயலியோ அதற்கு ஈடான ஏ.எம்.டி. செயலியோ இருந்தாக வேண்டும். தீநிரல்கள் கணினி விழித்தெழும் தறுவாயிலேயே உட்புகுந்துவிடாமல் காப்பதற்கு இத்தகைய வசதி அவசியம் என்று நிறுவனம் கூறும் காரணம் பொய்யன்று. ஆனால் பிள்ளையின் பாடக் குறிப்பை எழுதவும், மின்கட்டணம் செலுத்தவும், வெளிநாட்டிலுள்ள மகளை முகம் பார்த்துப் பேசவும் போதுமான ஒரு கணினியைக் குப்பைக்கு அனுப்ப அக்காரணம் போதுமானதா என்பதே இன்று பல வீடுகளில் எழுந்திருக்கும் கேள்வி. தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்புப் பெறும் வழியையும் நிறுவனம் வைத்திருக்கிறது. அது அவகாசமேயன்றிப் பரிகாரம் ஆகாது.

திருத்தங்கள் நின்றால் என்ன ஆகிவிடும் என்று அலட்சியமாகக் கேட்பவர்கள் 2017 மே மாதத்தை நினைவுகூர வேண்டும். வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் அம்மாதத்தில் உலகெங்கும் பரவி, பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் பலவற்றில் நோயாளிகளைத் திருப்பி அனுப்பும் நிலையை உண்டாக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சில், வெளிவந்திருந்தது. பாதிக்கப்பட்டவை அத்திருத்தத்தைப் போட்டுக்கொள்ளாத கணினிகளே. வந்த திருத்தத்தைப் போடாததற்கே இந்த விலை என்றால், திருத்தமே வராத கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பதன் அபாயத்தை விவரிக்க வேண்டியதில்லை.

ஆகவே, கடையில் வாங்கும்போதே உள்ளே இருந்தது என்பதைத் தவிர வேறு சிந்தனையின்றி நம்மில் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட இயங்குதளத்தை, முதன்முறையாக நாமே ஆலோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டிய காலம் வந்திருக்கிறது. இந்தச் சமயத்தில் சர்வீஸ் கடைகளில் சகஜமாகக் கிடைக்கும் யோசனை ஒன்றைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். “கிராக் போட்டுத் தந்துவிடுகிறேன் சார், ஆயுசுக்கும் ஓடும்” என்று சில நூறு ரூபாய்க்கு உரிமமற்ற விண்டோஸை ஏற்றித் தருவது நெடுநாளைய வழக்கம். அந்தக் கிராக் நிரல்களில் பல, தாம் வேலை செய்வதற்காகக் கணினியின் வைரஸ் தடுப்பை நிறுத்திவைக்கும்படி முதலிலேயே கேட்கின்றன. யாரோ ஒருவர், நமக்குத் தெரியாத நோக்கத்துடன் எழுதிய நிரலுக்கு வாசற்கதவைத் திறந்துவிட்டு, அதே கணினியில் ஆதார் எண்ணையும் வங்கிக் கடவுச்சொல்லையும் தட்டச்சிடுவதை எந்தக் காரணத்தாலும் நியாயப்படுத்த இயலாது.

எந்த இயங்குதளம் சிறந்தது என்று கேட்பதற்கு முன், இந்தக் கணினியில் நாம் செய்யும் காரியங்கள் யாவை, செய்தவற்றை எந்த வடிவத்தில் சேமித்து வைத்திருக்கிறோம் என்ற இரண்டையும் ஆராய்வதே விவேகம் என்பது என் அபிப்பிராயம். இதில் இரண்டாவது விஷயம் தமிழில் எழுதுவோருக்கு ஏனையோரைவிடப் பன்மடங்கு முக்கியமானது. யூனிகோடு பரவுவதற்கு முன் நம் அச்சகங்களும் எழுத்தாளர்களும் தத்தம் சௌகரியப்படி ஆளுக்கொரு குறியேற்றத்தில் தட்டச்சிட்டு வந்தார்கள். பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று எழுதிய ஒருவருடைய கோப்பை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று ஐந்து அந்நியக் குறிகள் நிற்குமேயன்றி அம்மாவைக் காண முடியாது. 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்99 விசைப்பலகையும், 2010-இல் அரசின் தரமாக யூனிகோடும் ஏற்கப்பட்ட பின்னரும், ஊர்க் கோயிலின் தல வரலாறு, மறைந்த தந்தையின் கையெழுத்துப் படியிலிருந்து ஏற்றிய கவிதைகள், உள்ளூர்ச் சங்கத்தின் தீர்மானங்கள் என எவ்வளவோ இன்னும் அந்தப் பழைய குறியேற்றங்களிலேயே சிறைப்பட்டுக் கிடக்கின்றன. எந்த இயங்குதளத்துக்கு மாறுவதாயினும், மாறுவதற்கு முன் இவற்றை யூனிகோடுக்கு மாற்றி ஒரு பிரதியை வெளித்தட்டில் பத்திரப்படுத்துவதே முதல் வேலை. மாற்றித் தரும் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அந்த வேலை முடிந்துவிட்டால் எழுத்து எந்தக் கணினியிலும் எழுத்தாகவே திறக்கும். இயங்குதளத்தைத் தேர்வது அதன் பின் அச்சத்துக்குரிய காரியமாக இராது.

திருத்தம் நின்றுபோன கணினிக்கு என் பரிந்துரை லினக்ஸ், குறிப்பாக விண்டோஸுக்குப் பழகிய கண்களுக்கு அதிகம் அந்நியமாகத் தோன்றாத லினக்ஸ் மின்ட். 1991-இல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கருவும், 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த க்னூ திட்டத்தின் கருவிகளும் சேர்ந்து வளர்ந்த இந்தக் குடும்பத்தில் வகைகள் ஏராளம். அவ்வளவையும் ஒப்பிட்டுப் பார்க்கப் புகுவது காலவிரயம். மின்ட் 22-க்கு 2029 வரை திருத்தங்கள் வரும் என்பதும், 4 ஜி.பி. நினைவகத்தில் அது சிரமமின்றி ஓடும் என்பதும் போதும்.

இதில் நான் மிகவும் மதிக்கும் ஓர் அம்சம், நிறுவாமலே பரிசோதித்துப் பார்க்கும் சுதந்திரம். 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் அதை ஏற்றி, கணினியை முடுக்கும்போது எஃப்12 அல்லது அந்தந்தத் தயாரிப்புக்குரிய விசையை அழுத்தினால், உள்ளிருக்கும் விண்டோஸைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே புதிய திரை எழும். சற்று மெதுவாகத்தான் இயங்கும். அதைக் கொண்டு வேகத்தைத் தீர்மானிக்கலாகாது. வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, கேமராவில் முகம் தெரிகிறதா, வீட்டிலுள்ள பிரிண்டர் ஒரு பக்கம் அச்சிடுகிறதா, மூடியை மூடித் திறந்தால் கணினி ஒழுங்காக விழிக்கிறதா என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். விசைப்பலகை அமைப்பில் தமிழ்99-ஐச் சேர்த்துக்கொண்டு ஒரு கடிதம் எழுதிப் பார்க்க வேண்டும். அதனுடனே வரும் லிப்ரே ஆஃபீஸ் என்ற அலுவலக நிரலில் பழைய வேர்டு கோப்புகள் சிலவற்றைத் திறந்தால், வாசகம் முழுதும் வந்துவிடும் என்பதையும், சிக்கலான அட்டவணைகள் சிற்சில இடங்களில் நகர்ந்து நிற்கும் என்பதையும் கண்ணாலேயே அறியலாம். பிரிண்டர் முரண்டினால் கணினியை அணைத்து, பென் டிரைவைப் பிடுங்கிவிட்டால் எல்லாம் பழையபடி இருக்கும். நிறுவுவதென்று முடிவான பிறகு ஓர் எச்சரிக்கை: சில கணினிகளில் விண்டோஸ் தட்டு முழுவதையும் மறைகுறியாக்கிப் பூட்டி வைத்திருக்கும், அதன் 48 இலக்க மீட்புச் சாவியை எடுத்து எழுதி வைக்காமல் எதையும் மாற்றத் தொடங்கக் கூடாது. பழைய சுழல்தட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்திக்கொண்டால், எந்த இயங்குதளமும் தரவியலாத வேகத்தை அந்தச் சிறு செலவு தரும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

எல்லாருக்கும் இதுவே வழி என்று சொல்ல மாட்டேன். டேலியில் கணக்கு எழுதுபவர்களும், பேஜ்மேக்கரையும் ஃபோட்டோஷாப்பையும் நம்பி ஜீவனம் நடத்தும் டி.டி.பி. நிலையத்தாரும் விண்டோஸிலேயே இருப்பதுதான் நியாயம். அவர்கள் புதுக் கணினி வாங்குவது தொழிலுக்கான முதலீடு. பெரிய அளவில் மாறிப் பார்த்தவர்களின் அனுபவமும் ஒரே விதமாக இல்லை. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-இல் தீர்மானித்து, 2013-க்குள் ஏறத்தாழ 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிய பின், 2017-இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது. கேரளத்துப் பள்ளிகளோ ஆண்டுக்கணக்காக லினக்ஸிலேயே பாடம் நடத்திவருகின்றன. கேரளம் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும், பாடத்துக்கு ஏற்ற நிரல்களும் சேர்த்தே கொடுத்தது. உபயோகிப்பவரின் கையைப் பழக்காமல் மேலிருந்து ஆணையிடும் மாற்றம் நிலைப்பது அரிது. வீட்டிலும் அப்படியே: உற்சாகமுள்ள மகன் ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு ஊருக்குப் போய்விட்டால், மறுநாள் ரயில் டிக்கெட்டை அச்செடுக்க முடியாமல் தவிக்கும் தந்தைக்கு அம்மாற்றம் தண்டனையாகவே முடியும்.

மேக் கணினியை வாங்கும் வசதியுள்ளவர்கள் வாங்கலாம். இனைமதி எழுத்துருவும் அஞ்சல், தமிழ்99 விசைப்பலகைகளும் அதில் முன்பே அமைந்திருக்கின்றன. ஆனால் அண்மைக்கால மேக்புக்குகளில் நினைவகத்தைப் பின்னால் கூட்ட முடியாது. இன்டெல் செயலியுள்ள மேக்குகளுக்கு, மேக் இயங்குதளத்தின் டாஹோதான் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிளும் அறிவித்துவிட்டது. குரோம்புக்குகள் இணையமே போதுமென்பவர்களுக்கு உதவும். 2021 முதல் வந்தவற்றுக்குப் பத்தாண்டுத் திருத்தம் உண்டு என்பது அவற்றின் சிறப்பு.

பத்தாண்டு என்ற அந்த உத்தரவாதம் கவனிக்கத்தக்கது. மருந்துக் குப்பியில் காலாவதித் தேதி அச்சிடப்படுகிறது. பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் கணினியின் பெட்டியில் அதற்கு எந்த ஆண்டு வரை திருத்தம் கிடைக்கும் என்ற ஒரு வரி இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் கைப்பேசிகளுக்கும் டேப்லட்களுக்கும், அவற்றின் விற்பனை முடிந்த நாளிலிருந்து ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் இயங்குதளத் திருத்தம் தர வேண்டுமென்ற விதியை 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. பழுதுபார்க்கும் உரிமைக்கென 2022-இல் இணையதளம் தொடங்கிய நம் மத்திய நுகர்வோர் துறை இந்த வரியையும் கட்டாயமாக்க வேண்டும். அது வரும் வரை காத்திராமல் தமிழக அரசே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸ் வகையையும் சேர்த்தே மாணவர் கையில் கொடுத்த அனுபவம் அதற்கு இருக்கிறது. கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினியோ டேப்லட்டோ தருவதாக 2025-இல் நிதிநிலை அறிக்கையில் அறிவித்ததும் அதே அரசுதான். இத்தனை பெரிய கொள்முதல்காரர், கருவி கைக்கு வந்த நாளிலிருந்து எட்டு ஆண்டுகளுக்குத் திருத்தம் உண்டு என்ற எழுத்துமூல உறுதியையும், வேறு இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளத் தடையிராது என்ற நிபந்தனையையும் ஒப்பந்தப்புள்ளியில் சேர்த்தால், விற்க விரும்பும் எந்த நிறுவனமும் அதற்கு இணங்கியே தீர வேண்டும்.