அலகும் தோண்டியும்



நாள்தோறும் மாலையில் என்னுடன் கோயில் பிராகாரத்தை வலம்வரும் நண்பர், பன்னிரண்டு நாள்களாக மருத்துவமனையில் இருக்கிறார். விடாத காய்ச்சல். பரிசோதனைகள் பல செய்தும், 'காரணம் இன்னும் பிடிபடவில்லை' என்கிறார்கள் மருத்துவர்கள். பெயர் தெரிந்த நோயைவிடப் பெயர் தெரியாத நோயே மனத்தைப் பெரிதும் வாட்டுகிறது.

உறக்கம் வராத ஓர் இரவில் திலகவதியாரை நினைத்துக்கொண்டேன். அவர்தம் தம்பி மருள்நீக்கியார் தீராத சூலைநோயால் துடித்தார். உடனிருந்தோர் செய்த முயற்சி எதுவும் பலிக்கவில்லை. இரவோடிரவாகத் திருவதிகை வந்து, தமக்கையாரின் திருவடியில் வீழ்ந்தார். அம்மையார் ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு அளித்தார். பின்னர் வழக்கம்போல் திருவலகும் சாணமும் தோண்டியும் ஏந்தி, திருப்பள்ளியெழுச்சிப் பொழுதில் தம்பியையும் வீரட்டானத்துக்கு அழைத்துச் சென்றார். அன்று இறைவன் அருளால் நோய் நீங்கிய அத்தம்பியே நம் அப்பர் பெருமான்.

அத்தனை துயரிலும் அம்மையாரின் கை அலகை விடவில்லை! இதுவே என்னைத் தேற்றியது.

நண்பர் நந்தவனத்தில் வில்வம் பறித்துத் தருபவர். இப்போது அதனை நான் செய்கிறேன். அர்ச்சனைத் திருநீற்றுடன் மருத்துவமனைக்குச் செல்கிறேன். அவர் மனைவியிடம் "என்ன நோயாம்?" என்று கேட்பதில்லை, "சாப்பிட்டீர்களா, அம்மா?" என்றே கேட்கிறேன். அவர் உண்டு திரும்பும்வரை கட்டிலருகே அமர்ந்திருக்கிறேன்.

நோயைக் கண்டறிவது மருத்துவர் பணி. தீர்த்தருள்வது ஈசன் திருவுள்ளம். உடனிருப்பது நம் தொண்டு. இன்று உங்கள் இல்லத்து விளக்கின்முன் என் நண்பருக்காகவும் ஒருமுறை ஐந்தெழுத்தை ஓதுங்கள்.