மாதவிடாய்க் கணக்கு யார் கையில்?



மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போகும் எங்கள் கோலார் தங்கவயல் பெண்கள் பலரும் மாதவிடாய் நாளைக் குறித்து வைக்கச் செயலியைத்தான் நம்புகிறார்கள். அம்மாக்கள் தினசரி காலண்டரில் பென்சிலால் புள்ளி வைத்த அதே கணக்கு. ஆனால் அந்தக் காலண்டர் வீட்டுச் சுவரைத் தாண்டியதில்லை. செயலியில் பதிவது தாண்டலாம்.

'ஃப்ளோ' என்ற பிரபல மாதவிடாய்ச் செயலி, பெண்களின் உடல்நலத் தகவல்களை ஃபேஸ்புக், கூகுள் உள்ளிட்ட நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2021-இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஒரு பெண் கருவுற்றிருக்கிறாளா என்பது விளம்பரக் கம்பெனிக்கு எதற்கு? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னதே, நம் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில்தான்.

அதனால், போன் நம்பர், இமெயில், இருப்பிடம் கேட்கும் செயலி வேண்டாம் என்பேன். 'ட்ரிப்' என்ற இலவசச் செயலியில் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. குறிப்புகள் நம் போனிலேயே இருக்கும். கடவுச்சொல்லும் போடலாம். ஒரே போனை வீடே எடுத்துப் பார்க்கும் எங்கள் லைன் வீடுகளில் (வரிசை வீடுகளில்) இது பெரிய ஆறுதல். போன் தொலைந்தால் குறிப்பும் போய்விடும், அதனால் அவ்வப்போது நகல் எடுத்து வைக்க வேண்டும்.

பழைய செயலியைப் போனிலிருந்து நீக்கினால் மட்டும் போதாது. முதலில் அதிலுள்ள கணக்கையும் தகவலையும் அழிக்கும்படி செயலி நிறுவனத்திடம் சொல்ல வேண்டும். ஆசிரியரே, இதைச் செய்யும் முறையைப் படிப்படியாகப் படத்துடன் உங்கள் மகளிர் பக்கத்தில் வெளியிடுங்கள்.

ஒரு வாசகி,
சாம்பியன் ரீஃப்ஸ், கோலார் தங்கவயல்