கரோல் பாக்கில் ஓர் அறை

"அண்ணா, அடுத்த மாதம் தில்லிக்கு வருகிறேன். கரோல் பாக்கில் ஓர் அறை பார்த்து வையுங்கள்." ஊரிலிருந்து இப்படியொரு வேண்டுகோள் வராத மாணவர் நம்மில் எவருமில்லை. நாம் என்ன பதில் சொல்கிறோம்? பயிற்சி நிலையம் ஐந்து நிமிட நடை, கீழே இட்லி கிடைக்கும், பக்கத்து அறையில் மதுரைப் பையன்கள் இருக்கிறார்கள். இம்மூன்றையும் சொன்னால் கடமை தீர்ந்தது என்று எண்ணுகிறோம். தீரவில்லை என்பதே என் கட்சி.

கரோல் பாக் நமக்குப் புதிய இடமன்று. சர்க்கார் உத்தியோகம் தேடி வந்த நம் முன்னோர் பலர் இங்கேதான் அறையெடுத்துக் கூட்டாகச் சமைத்து உண்டு வாழ்ந்தனர். 1947-இல் பஞ்சாபிலிருந்து அகதிகளாய் வந்தோரும் இங்கும் அருகிலுள்ள இராஜேந்திர நகரிலும் குடியேறினர். பின்னர் நம்மவர் பலர் இராமகிருஷ்ணபுரத்துக்கும் பிற இடங்களுக்கும் பெயர்ந்தனர். இன்று அவர்கள் இடத்தில் ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படிக்கும் இளைஞர் கூட்டம் வந்திருக்கிறது. ஆளுக்கு ஆறடி இடம் கிடைத்தால் போதுமென்று வரும் கூட்டம்.

அந்த ஆறடியைப் பற்றித்தான் பேச வேண்டும். 2019 பிப்ரவரி 12 விடியற்காலையில் கரோல் பாக் விடுதியொன்றில் தீப்பிடித்துப் பதினேழு பேர் மாண்டனர். 2024 ஜூலை 27 மாலை பழைய இராஜேந்திர நகரில், நிலத்தடித் தளத்தில் நடந்த நூலகத்துக்குள் மழைவெள்ளம் புகுந்து மூன்று மாணவர் இறந்தனர். நூலகம் நடத்த அனுமதியில்லாத இடம் அது. அதற்குச் சில நாள் முன்னர்தான் பட்டேல் நகரில், தெருவில் தேங்கிய நீரில் மின்சாரம் பாய்ந்து இன்னொரு மாணவர் உயிரிழந்தார். படிக்க வந்த பிள்ளைகள்!

ஆகவே, அறை பார்க்கப் போகிறவர் கட்டிலையும் மேஜையையும் பார்ப்பதற்கு முன் படிக்கட்டைப் பார்க்கட்டும். அதன் அடியில் மின்சார மீட்டர்களும் மோட்டார் சைக்கிள்களும் நெருக்கி நிற்கின்றனவா? மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு உண்டா, சாவி யாரிடம்? ஜன்னல் கம்பி திறக்கக்கூடியதா? இரண்டு படிக்கட்டு கேட்டால் தரகர் சிரிப்பார். அப்படிப்பட்ட வீடு இங்கே அரிது. சிரிக்கட்டும். நான்காம் மாடியைவிட முதல் மாடி நல்லது என்றாவது நாம் முடிவு செய்யலாம். நிலத்தடியில் படிக்க இடம் மலிவு என்றால் மழைக்காலத்தை நினைத்து மறுத்துவிட வேண்டும்.

மற்றவை சில்லறை. புது தில்லி ஸ்டேஷனில் இறங்கியதும் ஆட்டோக்காரரிடம் வாதாட வேண்டாம். மெட்ரோவில் ராஜீவ் சௌக் போய், நீல வழிக்கு மாறினால் மூன்றாவது நிலையம் கரோல் பாக். கம்பளியைச் சென்னையில் வாங்காதீர்கள். டிசம்பர் குளிரை அறியாத கடையில் வாங்கிய ஸ்வெட்டர் இங்கே பனியனுக்குச் சமம். அஜ்மல்கான் சாலையில் மலிவாகவே கிடைக்கும். பஞ்சு ரஜாயும் இங்கேயே வாங்கலாம். அம்மா கட்டித்தரும் பருப்புப்பொடியை மட்டும் வேண்டாமென்று சொல்ல எனக்குத் துணிவில்லை. மின்சாரத்துக்கு யூனிட் என்ன விலை என்பதை முன்பணம் கொடுக்குமுன் கேட்டு, மீட்டர் எண்ணைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் கொஞ்சம் இந்தி வேண்டும். இந்தித் திணிப்பை எதிர்ப்பது வேறு, வீட்டுக்காரரோடு வாடகை பேசுவது வேறு. இரண்டையும் ஒருவரே செய்யலாம்!

நம் சங்கம் ஆண்டுதோறும் பொங்கல் விழா நடத்துகிறது. பாராட்டுகிறேன். அதோடு ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்திருக்கலாம் என்பது என் கோரிக்கை. மூத்த மாணவர்கள் தாம் இருந்த வீட்டைப் பற்றி, படிக்கட்டு, மாடிச் சாவி, தண்ணீர், மின்சார விலை ஆகியவற்றை அதில் உள்ளபடி எழுதட்டும். வருகிறவர் அதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுக்கட்டும். இது யாரோ செய்ய வேண்டிய வேலை என்று விட்டுவிட்டால், அடுத்த ஜூனிலும் இட்லி கிடைக்கும் என்றுதான் சொல்லிக்கொண்டிருப்போம்.

முதல் ஏட்டை நானே எழுதித் தருகிறேன். நான் குடியிருப்பது மூன்றாம் மாடி. ஒரே படிக்கட்டு, அடியில் மூன்று ஸ்கூட்டர். மொட்டைமாடிச் சாவி வீட்டுக்கார அம்மாவிடம் இருக்கிறது. ஒன்றரை வருஷமாக அதைக் கேட்கவேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை. இன்று மாலை கேட்கப்போகிறேன்.