கிலோ என்ன விலைங்க?

போன வாரம் பரமத்தி வேலூர் பக்கத்திலிருந்து உறவுக்காரத் தம்பி ஒருவன் போன் செய்தான். புதிதாக டூல் ரூம் வைத்திருக்கிறான். "பெரியப்பா, நல்ல வேக்குவம் ஹீட் ட்ரீட்மென்ட் கடை எதாச்சும் தெரிஞ்சாச் சொல்லுங்க. கிலோ என்ன விலைன்னும் கேட்டுச் சொல்லுங்க" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நான் வேலை பார்த்த 37 வருஷமும் வாசலில் வண்டியை நிறுத்தியவர்கள் கேட்ட முதல் கேள்வி இதுதான். வெங்காயத்துக்கும் இதே கேள்வி, பழைய இரும்புக்கும் இதே கேள்வி, லட்ச ரூபாய் டைக்குப் பதம் வைக்கவும் இதே கேள்வி. இந்தக் கேள்வியை ஒழித்தால்தான் நம் பக்கத்துத் தொழில் உருப்படும் என்பது என் கட்சி. கோபமாக எழுதுகிறேன் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலை தெரியாதவர்களுக்காக நாலு வரி. கொல்லப் பட்டறையில் அருவாளைக் காய்ச்சித் தண்ணீரில் முக்கித் துவைச்சல் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். துவைச்சல் சரியில்லை என்றால் ஒன்று வாய் மடங்கும், இல்லை தெறிக்கும். டை, பஞ்ச், மோல்டு எல்லாவற்றுக்கும் அதே சங்கதிதான். கட்டை எவ்வளவு நல்ல கட்டையாக இருந்தாலும் உயிர் கொடுப்பது பதம்தான். நம் ஊரில் இரும்பைப் பற்றிப் பேசுவோம், பதத்தைப் பற்றிப் பேச மாட்டோம். 1981இல் உற்பத்தியைத் தொடங்கிய இரும்பாலையைச் சொல்லிப் பெருமைப்படுவோம். திருச்செங்கோட்டு ரிக் வண்டி இந்தியா முழுக்கப் போகிறது என்போம். நாமக்கல் லாரி பாடியைச் சொல்வோம். இத்தனைக்கும் பின்னால் உலையடியில் நிற்கிறவனை யாரும் கேட்பதில்லை.

இந்த அறிவு நமக்குப் புதிதுமில்லை. கஞ்சமலை இரும்புக் கல்லை நம்பிப் பரங்கிப்பேட்டையில் ஆலை வைத்த ஹீத் துரை, நம் பக்கத்தில் உருக்கு செய்த முறையை 1839இல் எழுதி வைத்திருக்கிறார். மண் குகைக்குள் இரும்புத் துண்டையும் ஆவாரம் குச்சியையும் போட்டு, மேலே பச்சை எருக்கிலை வைத்து, வாயைக் களிமண்ணால் பூசி அடைத்துவிடுவார்களாம். ஏன் அடைத்தார்கள்? காய்ந்த இரும்பைக் காற்று தொடக்கூடாது. அவ்வளவுதான் விஷயம். கோடி ரூபாய் போட்டு வாங்குகிற வேக்குவம் ஃபர்னஸும் அதே வேலையைத்தான் செய்கிறது. களிமண்ணுக்குப் பதில் பம்பு.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது சால்ட் பாத் காலம். உருகின உப்புக்குள் டையை இறக்குவோம். புகையும் கண்ணெரிச்சலும் சகஜம். சயனைடு தொட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்த முட்டாள்தனமும் உண்டு. வேக்குவம் வந்தபோது உண்மையிலேயே கும்பிட்டேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேலை பார்க்கலாம். டை உள்ளே போன மாதிரியே வெள்ளியாய் வெளியே வரும்.

அந்தப் பளபளப்புதான் கெடுத்தது. வேக்குவம் என்றாலே நல்ல பதம் என்று வாடிக்கையாளர் நம்பிவிட்டார். பளபளப்பு காட்டுவது ஒன்றே ஒன்றுதான்: காற்று படவில்லை. உள்ளே பதம் வந்ததா என்று அது சொல்லாது.

கிலோ விலையைக் குறைத்தால் கடைக்காரர் எங்கே கை வைப்பார் என்று உள்ளே இருந்தவன் சொல்கிறேன்.

முதலில் நேரத்தில். வேக்குவத்தில் சூட்டைக் கொண்டுபோகக் காற்று இல்லை, வெறும் கதிர்வீச்சுதான். தடித்த கட்டையின் மேல்தோல் சூடாகி வெகுநேரம் கழித்துத்தான் நடு வயிறு சூடாகும். அதனால்தான் 650இல் ஒரு முறை, 850இல் ஒரு முறை நிறுத்தி, அப்புறம் 1020, 1030 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். சூடு அளக்கும் கம்பியைக் கட்டையோடு வைத்து, நடுப்பகுதி சூடேறிய பிறகே நேரம் எண்ண வேண்டும். அவசரக்காரர் உலையின் சூட்டைப் பார்த்து எண்ணுவார். அரைமணி மிச்சம். கட்டை நடுவில் அரைவேக்காடு.

அடுத்தது நைட்ரஜனில். குளிர்விக்க 6 பார் அழுத்தம் வேண்டிய தடிமனுக்கு 2 பாரில் விட்டால் வாயு மிச்சம்.

மூன்றாவது பம்பில். இது எனக்குத் தீராத வயிற்றெரிச்சல். லாரிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்ஜின் ஆயிலில் தண்ணீர் கலந்தால் மோர் மாதிரி வெளுக்கும். ரோட்டரி பம்பிலும் அதேதான். மழைக்காலத்தில் காற்றோடு ஈரம் உள்ளே போய் எண்ணெயில் தங்கிவிடும். பம்பைச் சூடேற்றி, கேஸ் பல்லாஸ்ட் என்கிற சின்னத் திறப்பைத் திறந்து அரைமணி ஓட்டினால் ஈரம் ஆவியாய்ப் போய்விடும். செலவே இல்லாத வேலை. செய்ய ஆள் இல்லை, நேரம் இல்லை. எண்ணெய் மாற்ற முதலாளிக்கு மனசில்லை. கோடியில் உலை வாங்கியவர் ஒரு கேன் எண்ணெய்க்குக் கணக்குப் பார்ப்பார்.

பிரேசிங் என்கிற பற்றவைப்பு வேலையில்தான் இந்தக் கஞ்சத்தனம் அன்றைக்கே சிரிக்கும். ஸ்டெயின்லெஸ் துண்டுகளைச் செம்பு வைத்து இணைக்கிறோம். செம்பு 1083 டிகிரியில் உருகும். 1120 வரை கொண்டுபோவோம். வெற்றிடம் சரியாக இருந்தால் உருகின செம்பு தலைமுடி அளவு இடுக்கில் தானாக ஓடி நிரம்பும். பம்பு சோர்ந்து, உள்ளே ஈரமும் காற்றும் இருந்தால் குரோமியம் பச்சையாக ஆடை கட்டிவிடும். செம்பு தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நிற்கும். முழு லோடும் குப்பை.

ஒரு தடவை துண்டுகளைக் கட்ட ஸ்டெயின்லெஸ் கம்பி விலை அதிகம் என்று யாரோ ஜிஐ கம்பியால் கட்டி உள்ளே தள்ளிவிட்டார்கள். துத்தநாகம் சாதாரணமாக 907 டிகிரியில் கொதிக்கும். வெற்றிடத்தில் அதில் பாதிச் சூடு கூட வேண்டாம், ஆவியாகிவிடும். கதவைத் திறந்தால் உட்சுவரெல்லாம் சாம்பல் பூச்சு, பம்பு எண்ணெயெல்லாம் கரி. நாலு நாள் உலை நின்றது. மிச்சம் பிடித்தது நூறு ரூபாய்கூட இருக்காது.

நாலாவது, எல்லாவற்றையும்விடக் கேவலமானது, டெம்பரிங்கில். இதில் என் கதை ஒன்று இருக்கிறது. இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை.

டி2 கட்டையைக் காய்ச்சிக் குளிர்வித்த பிறகு 520 டிகிரி வாக்கில் இரண்டு முறை டெம்பரிங் செய்ய வேண்டும். முதல் முறையில் பழைய இறுக்கம் தளரும். ஆனால் மாறாமல் ஒளிந்திருந்த பகுதி ஆறும்போது மாறி, புது இறுக்கத்தை உண்டாக்கும். அதைத் தளர்த்தத்தான் இரண்டாவது முறை. இதில் சூது என்னவென்றால், ஒரு முறையோடு நிறுத்தினாலும் ஹார்ட்னஸ் மெஷினில் வைத்தால் 60 காட்டும். சர்டிபிகேட் அச்சாகிவிடும்.

2003 என்று நினைவு. திருச்செங்கோடு பக்கத்துக்காரர் ஒருவர், சின்னப் பட்டறை, 15 கிலோ கட்டை கொண்டுவந்தார். விலையை முதலாளி அடிமாட்டுக்குப் பேசி முடித்திருந்தார். உலைக்கு முன்னால் வரிசை. "ஒரு டெம்பரிங் போதும், எடுத்துக் கொடுத்துடு" என்றார் முதலாளி. நான் எடுத்துக் கொடுத்தேன். 60 இருந்தது. கையெழுத்தும் போட்டேன்.

பத்தாம் நாள் அந்த அண்ணன் மஞ்சப்பையோடு வந்தார். கோயம்புத்தூரில் வயர்கட்டில் பாதி வெட்டும்போதே டப்பென்று சத்தம் வந்ததாம். பைக்குள் கட்டை இரண்டாகக் கிடந்தது. "என்னங்க சார் பண்றது?" என்று கேட்டார். கத்தியிருந்தால் கூடத் தேவலை. நான் வாய் கூசாமல், "கட்டை சரியில்லீங்க. வாங்கின இடத்துல கேளுங்க" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். பார்ட்டிக்கு நஷ்டம் கட்ட ஒரு லேத்தை விற்றார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அண்ணா, இதை நீங்கள் படித்தால், கட்டை நல்ல கட்டைதான். தப்பு எங்களுடையது. கையெழுத்து என்னுடையது.

முதலாளி சொன்னார், நான் செய்தேன் என்று தப்பித்துக்கொள்ள முடியாது. அதே மாதிரி, வாடிக்கையாளரும் தப்பித்துக்கொள்ள முடியாது. 15 கிலோ கட்டைக்குக் கிலோவுக்கு 20 ரூபாய் குறைத்துப் பேசினால் மிச்சம் 300 ரூபாய். அந்தக் கட்டையின் விலை, மில்லிங் கூலி, வயர்கட் கூலி, பார்ட்டிக்குக் கொடுத்த தேதி எல்லாவற்றையும் அந்த 300 ரூபாய்க்கு அடகு வைக்கிறோம். இதற்குப் பெயர் சாமர்த்தியமா?

"சின்னப் பட்டறைக்காரன் என்னப்பா செய்வான், பக்கத்துக் கடையில் குறைவாகச் செய்து தருகிறானே" என்பார்கள். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. நஷ்டத்தைத் தாங்க முடியாதவனே சின்னப் பட்டறைக்காரன்தான். பெரிய கம்பெனிக்கு ஒரு டை உடைந்தால் ஒரு காகிதம் கூடும். இவனுக்கு லேத் போகும். அதனால் பெரிய கம்பெனிக்காரர்கள் கேட்கிற கேள்வியை முதலில் கேட்க வேண்டியவன் இவன்தான்.

கடைக்காரர்களும் என்மேல் வருத்தப்படுவார்கள். விலை கட்டவில்லை, கரண்ட் கட்டணம் ஏறிவிட்டது என்பார்கள். உண்மைதான். 2012 மின்வெட்டில் ஜெனரேட்டரை வைத்துக்கொண்டு உலையை ஓட்டிய பாடு எனக்கும் தெரியும். நம் ஊர் உப்புத் தண்ணீர் உலைச் சுவரின் குழாய்களில் பாறையாய்ப் படிவதும் தெரியும். அதற்கு வழி நியாயமான விலையைச் சொல்லிக் கேட்பது. ஒரு டெம்பரிங்கைத் திருடிக்கொள்வது வழியல்ல. கட்டுபடியாகாத வேலையை 'முடியாதுங்க' என்று திருப்பி அனுப்பவும் வாய் வேண்டும்.

தம்பிக்கு மூன்று கேள்வி எழுதிக் கொடுத்தேன். உங்களுக்கும் சொல்கிறேன். என் கட்டை ஏறி இறங்கிய சூட்டின் சார்ட்டைக் காட்டுவீர்களா? டெம்பரிங் எத்தனை முறை, எத்தனை டிகிரியில்? கடைசியாக லீக் டெஸ்ட் எப்போது செய்தீர்கள், பதிவு இருக்கிறதா? காலி உலையை வெற்றிடமாக்கி வால்வை மூடிவிட்டு, மணிக்கு எவ்வளவு காற்று கசிகிறது என்று பார்ப்பதுதான் லீக் டெஸ்ட். மணிக்கு 10 மைக்ரானுக்குள் இருந்தால் உலையைக் கவனித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்த மூன்றுக்கும் பதில் வந்த பிறகு விலையைக் கேளுங்கள்.

நேற்று திரும்பக் கூப்பிட்டான். முதல் கடையில் கேள்வியைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார்களாம். இரண்டாவது இடத்தில், "வாங்க தம்பி, நேர்ல வந்து பம்பு ரூமையே பாருங்க" என்றார்களாம். விலை கொஞ்சம் கூடத்தான். அங்கேயே கொடு என்று சொல்லியிருக்கிறேன்.