அறுந்த வார்

சென்ற ஆவணி மாதம் என் மைத்துனர் தமது மகளின் விவாகத்துக்காக ஆரணியிலிருந்து காஞ்சீபுரத்துக்குக் குடும்பத்துடன் மோட்டாரில் புறப்பட்டார். பின் ஆசனத்தில் என் தங்கையின் மடியில், எங்கள் ஊர்த் தறியில் நெய்த முகூர்த்தப் புடவை. செய்யாறு தாண்டிப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். எஞ்சின் திடீரென்று நின்று விட்டது. புகையில்லை, கொதிப்பில்லை, முன்னதாக ஒரு முனகல்கூட இல்லை. மைத்துனர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் வழக்கத்தைவிட வேகமாக விர்ரென்று சுழன்றது. உயிர் மட்டும் வரவில்லை. விடாமல் நாலைந்து தடவை திருப்பினார். அப்படித் திருப்புவதே மேலும் கெடுதல் என்பது அப்போது யாருக்குத் தெரியும்? புடவைப் பெட்டி பஸ்ஸில் போய்ச் சேர்ந்தது. விவாகம் குறைவின்றி நடந்தது. வண்டிதான் ஒரு மாதம் படுத்துக் கிடந்தது.

அறுந்தது 'டைமிங் பெல்ட்' என்னும் ரப்பர் வார். அதன் வேலை இதுதான்: எஞ்சினின் அடியில் பிஸ்டன்களோடு சேர்ந்த கிராங்க் தண்டு, மேலே வால்வுகளைத் திறந்து மூடும் காம் தண்டு. கீழது இரண்டு சுற்றுச் சுற்றினால் மேலது சரியாக ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். இவ்விரண்டையும் பிணைப்பது பல் வைத்த அந்த வார். கிராங்க் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. வால்வு கீழே இறங்கிய இடத்துக்கே அடுத்த கணம் பிஸ்டன் ஏறி வருகிறது. வார் அறுந்தால் வால்வுகள் நின்ற இடத்தில் நின்று விடும். பிஸ்டனோ வந்த வேகத்தில் வந்து மோதும். எல்லா எஞ்சின்களிலும் இப்படி நேராது. சிலவற்றில் இரண்டுக்கும் நடுவே போதிய இடைவெளி உண்டு. வண்டி நிற்பதோடு சரி. மைத்துனருடையது டீசல் வண்டி. வால்வுகள் வளைந்து விட்டன.

இதை எதிர் வீட்டு நெசவாளரிடம் விவரித்தேன். "இது எங்கள் விசைத்தறிக் கணக்குத்தானே, வாத்தியார் ஐயா?" என்றார் அவர். உண்மைதான். விசைத்தறியிலும் மேல் தண்டு இரண்டு சுற்றுக்குக் கீழ்த் தண்டு ஒரு சுற்று. பாவு வாய் திறந்திருக்கும்போதே நாடா பாய்ந்து மறு பக்கத்துப் பெட்டியில் அடங்க வேண்டும். நடுவழியில் அது சிக்கிக்கொண்டால், அச்சு வந்து அடிக்கும்போது பாவு இழைகள் கொத்தாக அறும். ஆனால் நாடா பெட்டிக்கு வந்து சேராவிட்டால் தறியையே சட்டென்று நிறுத்திவிடும் காவல் ஏற்பாடு ஒன்று அதில் உண்டு. "உங்கள் மோட்டாருக்கு அது கிடையாதா?" என்றார். கிடையாது.

மைத்துனர் அலட்சியக்காரர் அல்ல. வண்டி ஓடியது 52,000 கிலோ மீட்டர்தான். இன்னும் காலம் இருக்கிறது என்று எண்ணினார். வண்டிக்குப் பத்து வயது என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. ரப்பர் ஓடினாலும் தேயும், சும்மா நின்றாலும் முதுமை அடையும். என்ஜின் எண்ணெய் கசிந்து பட்டால் இன்னும் சீக்கிரம் கெடும். கையேட்டில் இத்தனை கிலோ மீட்டர் அல்லது இத்தனை வருஷம், எது முந்துகிறதோ அது என்று போட்டிருப்பார்கள். வண்டிக்கு வண்டி அது வேறுபடும். கல்யாணத்துக்கும் கோவிலுக்கும் மட்டும் வெளியே எடுக்கும் குடும்ப வண்டிகளில் வருஷமே முந்துகிறது. கைமாறி வாங்கிய வண்டியானால், பில் இல்லாதவரை வார் மாற்றவில்லை என்றே கொள்ள வேண்டும்.

வாரைச் சார்ந்த சிறு உறுப்புகளும் பொல்லாதவை. சென்னைக்கு அருகே மறைமலை நகரில் தயாராகி அமெரிக்கா சென்ற ஃபோர்டு எக்கோஸ்போர்ட் வண்டிகளும், ஃபோகஸ் வண்டிகளுமாகச் சுமார் 1,39,000 வண்டிகளைப் பழுது பார்க்க அந்தக் கம்பெனி 2023 டிசம்பரில் திரும்ப அழைத்தது. அங்கே குற்றம் டைமிங் பெல்ட்டில் அன்று. எண்ணெய்ப் பம்பை ஓட்டும் வாரை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரில். அது முறிந்தால் எண்ணெய் அழுத்தம் போய் எஞ்சினே கெடலாம். ஆகையால் வார் மாற்றும்போது டென்ஷனரையும், அதே வாரில் ஓடும் வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றுவதே சிக்கனம். மறுபடி பிரிக்கும் கூலி மிச்சம்.

நேயர்களில் பலருடைய வண்டியில் வாருக்குப் பதில் சங்கிலி இருக்கலாம். பழைய அம்பாஸடரில் சங்கிலிதான். சங்கிலி தளர்ந்தால் பெரும்பாலும் சத்தம் போட்டுச் சொல்லும். தமது வண்டியில் இருப்பது எது என்று கையேட்டைப் புரட்டினால் தெரிந்து விடும்.

காலத்தில் மாற்றியிருந்தால் மைத்துனருக்கு ரூ. 9,000 ஆகியிருக்கும். கொடுத்தது ரூ. 62,000. மெக்கானிக் பழைய வாரைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். ஒரு சாண் நீளத்துக்குப் பல்லே இல்லை. அதை மைத்துனர் கூடத்து ஆணியில் மாட்டியிருக்கிறார். புதிய வார் போட்ட தேதியையும் கிலோ மீட்டரையும் பஞ்சாங்கத்தின் அட்டையில் என் தங்கை எழுதி வைத்திருக்கிறாள். இந்த விஷயத்தில் அவள் கணவரை நம்புவதாக இல்லை.